இரண்டாம் நாயின் வரவு
(கம்போங் ராஜா வட்டாரத்துத் தோட்ட வீடுகளை முன்வைத்து ஆற்றப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் ஒரே கூரையின் கீழ் ஒத்து வாழ்வதும் வாழாமற்போவதும் அவற்றின் பிறவிக் குணத்தைப் பொறுத்தவை என்றே பலரும் கருதுகின்றனர்; 'இது சண்டைக்கார நாய்', 'அது சாது' என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் விலங்குகள் எந்தச் சூழலில் எவ்வாறு நடந்துகொள்கின்றன, ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை ஆராயும் நடத்தையியல் என்னும் துறை கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றை நோக்கினால், குட்டி தாயை விட்டுப் பிரிந்த வயது, வீட்டில் முன்பே இருக்கும் நாயின் வயதும் பாலும், சோறு வைக்கும் இடம், வாசலின் அகலம் ஆகியவை குணத்துக்கு இணையாகவும் சில வேளைகளில் அதனினும் மிகுதியாகவும் பங்கு வகிப்பது தெரியவருகிறது. ஆகவே இரண்டாவது நாயை வீட்டாரின் ஆசையை அளவாகக் கொண்டு தேர்ந்தெடுப்பதைவிட முதல் நாயின் இயல்பை அளவாகக் கொண்டு தேர்ந்தெடுப்பதே பொருந்தும் என்பதும், வந்தபின் அவற்றிடையே அமைதியைக் காப்பது பெரும்பாலும் இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையே என்பதும் இவ்வுரையின் மையக் கருத்து.

கேமரன் மலையின் வடபகுதியில், உலு தெலோம் முக்கிம் என்னும் நிருவாகப் பிரிவில், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை மலையூர்களைத் தொடும் முனையில் அமைந்திருக்கும் கம்போங் ராஜா இந்தப் பொருளை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற இடம். ஒருபுறம் புளூ வேலி தேயிலைத் தோட்டமும் அதைச் சார்ந்த குடியிருப்புகளும், மறுபுறம் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறிப் பண்ணைகளும், நடுவே கடைவீதியும் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளும் இருப்பதால், நாயின் வாழ்க்கை இங்கே மூன்று வகையாக அமைகிறது. பண்ணை நாய் சங்கிலியிலோ கொட்டகை வாசலிலோ காவல் காக்கிறது. தாமான் வீட்டு நாய் இரும்புக் கதவுக்கு உள்ளே வளர்கிறது. லயத்து நாயோ, பொதுச் சுவர்களால் இணைந்து வரிசையாக நிற்கும் தோட்ட வீடுகளில், ஒரு வீட்டுக்கு உரியதாக இருந்துகொண்டே வீடுகளின் முன்னே ஓடும் நடைவழியான அஞ்சடி முழுவதையும் தன் எல்லையாக எண்ணி உலவுகிறது. இந்த மூன்றாம் வகையில்தான் 'வீடு' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் நாய்க்கும் மனிதருக்கும் கருத்து வேறுபடுகிறது. லயத்தில் நடக்கும் நாய்ச்சண்டைகள் பலவற்றுக்கு அந்த வேறுபாடே வேராக இருக்கிறது.

இந்த மலைக்கு நாய்களைப் பற்றிய அறிவியலில் தனக்கென ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். ஊரை ஒட்டிய வட்டாரத்துக்குப் பெயர் தந்த தெலோம் ஆற்றின் பெயராலேயே 'தெலோமியன்' என்று ஒரு நாயினம் வழங்கப்படுகிறது. ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்களோடு காட்டில் வாழ்ந்து, தூண்களின்மேல் எழுப்பிய அவர்களுடைய வீடுகளுக்கு ஏணிவழி ஏறிச் செல்லப் பழகியிருந்த இந்தச் சிறிய, குட்டை மயிர் நாய்களை ஓர்வில் எலியட் என்னும் மானிடவியலறிஞர் 1963இல் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அமெரிக்காவில் அவற்றின் வழிவந்த நாய்களும், பீகிள் இனத்தோடு கலந்து பிறந்த குட்டிகளும் ஜான் பால் ஸ்காட் என்னும் நடத்தையியலறிஞரின் கவனத்துக்கு வந்தன. குட்டியைத் தாயிடமிருந்தும் உடன்பிறப்புகளிடமிருந்தும் பிரிக்கும்போது அது அடையும் தவிப்பை ஆராய்வதற்கு அவை பயன்பட்டன.

ஸ்காட்டின் பெயர் இங்கே முக்கியமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் அவரும் ஜான் ஃபுல்லரும் பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லண்ட் ஆட்டுநாய், கம்பிமயிர் ஃபாக்ஸ் டெரியர் ஆகிய ஐந்து இனங்களை நெடுங்காலம் வளர்த்துச் செய்த ஆய்வின் முடிவுகள் 1965இல் நூலாக வெளிவந்தன. குட்டியின் வாழ்வில் ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தை, எவையெல்லாம் தன் உலகுக்கு உரியவை என்று அது கற்றுக்கொள்ளும் காலமாக அவர்கள் அடையாளம் கண்டனர். பிற நாய்களையும் மனிதரையும் ஓசைகளையும் அச்சமின்றிச் சந்திக்கும் பழக்கம் எளிதாகப் படியும் இந்தக் கட்டத்தைச் 'சமூகப்பழக்கக் காலம்' எனலாம். அக்காலம் கடந்தபின் புதியது எதுவாயினும் அதன்மேல் ஐயம் முந்திக்கொள்கிறது. பழக்கிவிட முடியாதென்று இல்லை, ஆனால் வாரத்தில் முடிந்திருக்க வேண்டியது மாதக் கணக்கில் இழுக்கிறது.

இந்த முடிவை லயத்து வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் ஒரு பிழையான பழக்கம் வெளிப்படுகிறது. குட்டி கண் திறந்து தட்டில் பால் நக்கத் தொடங்கியதுமே, நான்கு ஐந்து வாரத்திலேயே, கேட்டவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது பல இடங்களில் இயல்பாக இருக்கிறது. சீக்கிரம் கொண்டுவந்தால்தான் புதிய வீட்டாரோடு ஒட்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மனிதரோடு ஒட்டும் என்பது உண்மையே. ஆனால் பிற நாய்களோடு வாழும் முறையைக் குட்டி தன் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் கற்கிறது. ஐந்தாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையே உடன்பிறப்பை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுகிறது, தாயை மடிக்காம்பில் கடித்தால் தாய் உறுமி எழுந்துபோகிறது. இவ்வாறு பற்களின் வலிமையை அளந்து பயன்படுத்தக் கற்றுக்கொள்வதையே கடியடக்கம் என்கின்றனர். இந்தப் பாடத்தைக் கல்லாத நாய் வளர்ந்தபின் இன்னொரு நாயோடு பிணங்கும்போது, உறுமலோடு நிற்க வேண்டியது தையல் போடும் காயமாக முடிகிறது. ஆகவே பிற நாயுள்ள வீட்டுக்குச் செல்லவிருக்கும் குட்டி எட்டு வாரம் நிறையும் வரை தாயோடு இருப்பதே முறை. இடைப்பட்ட நாட்களில் புதிய வீட்டார் அடிக்கடி சென்று குட்டியைக் கையில் எடுத்துப் பழக்கலாம். லயத்தில் நாலு கதவு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போவதில் சிரமம் ஒன்றுமில்லை.

அடுத்து இனத்தேர்வு. நல்ல நாய் எது என்று கேட்டால் இனத்தின் பெயரையே பதிலாக எதிர்பார்க்கும் மனநிலை பரவலாக உள்ளது. 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த விடைகளையும் அவற்றுள் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு, தனித்தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனத்தைக்கொண்டு விளக்க முடிகிறது என்று காட்டியது. தோற்றத்தை இனம் தீர்மானிக்கிறது. சொன்னதைக் கேட்கும் இயல்பு, வேட்டையாடும் ஆர்வம் போன்ற சிலவற்றில் அதன் தடம் ஓரளவு தெரிகிறது. எளிதில் சினங்கொள்ளும் இயல்பில் அத்தடம் மிகவும் மங்கிவிடுகிறது. எனவே ஈப்போவிலிருந்து பெரும்பணம் கொடுத்து வாங்கிவந்த குட்டி சாதுவாக இருக்கும் என்பதற்கும், லயத்துக் கோயில் ஓரத்தில் பிறந்த கம்பத்து நாய்க்குட்டி முரடாக இருக்கும் என்பதற்கும் அறிவியலில் ஆதாரம் இல்லை. தாயைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இனத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதினும் பயன் தரும்: அந்நியர் வரும்போது தாய் எவ்வாறு நடந்துகொள்கிறது, தன் தட்டருகே இன்னொரு நாய் வந்தால் என்ன செய்கிறது என்பவற்றைக் கால்மணி நேரம் நின்று கவனித்தால் போதும்.

இனம் முற்றிலும் பொருட்டல்ல என்று இதற்குப் பொருளில்லை. மலையின் குளிரைக் கண்டு அடர்மயிர் நாய்களை வாங்கிவருவோர், இந்தக் குளிர் ஈரத்தோடு சேர்ந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் இடத்தில், தடித்த உள்மயிர் காயாமல் இருந்து தோல்நோய்க்கு இடம் கொடுக்கிறது, தோல் அரிக்கும் நாயோ தொட்டாலும் சீறும். தமிழகத்து நாட்டு நாய்களின் மேல் இங்குள்ள தமிழரிடையே ஒரு பற்று இருப்பதும் இயல்பே. ராஜபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கும், கோம்பை காவலுக்கும் பெயர் பெற்றவை. ஆயினும் ராஜபாளையத்தில் காணப்படும் முழுவெண்மை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சில நாய்களில் இணைந்துவரும் என்பதையும், காது கேளாத நாய் இன்னொரு நாயின் உறுமல் என்னும் முன்னெச்சரிக்கையைத் தவறவிட்டு மாட்டிக்கொள்ளும் என்பதையும், ஓடும் எதையும் துரத்தப் பழக்கப்பட்ட வேட்டைநாய் லயத்துக் கோழிகளையும் அடுத்த வீட்டுக் குறுநாயையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடும் என்பதையும் பற்றுக்கு முன்னால் எண்ணிப்பார்க்க வேண்டும். மலேசியாவில் பிட்புல், அகித்தா, ஜப்பானியத் தோசா போன்றவை இறக்குமதிக்குத் தடைசெய்யப்பட்டவை. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் முதலியவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. கலப்பினக் குட்டி என்று சொல்லி விற்கப்படுவதை வாங்குவோர் இதனைக் கால்நடை மருத்துவச் சேவைத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நலம்.

தோட்டத்தில் நாய் வளர்ப்போரின் முதல் அளவுகோல் காவலாகவே இருந்துவந்துள்ளது. அதற்குத் தமிழரிடையே நெடிய மரபும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் உள்ள, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த ஏழாம் நூற்றாண்டு நடுகல், வீழ்ந்த வீரனோடு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற 'கோவிவன்' என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. அரசர் பெயரும் ஆள் பெயரும் பொறிக்கும் கல்லில் நாய்க்குப் பெயரோடு இடம் கொடுத்த சமூகம் அது. ஆனால் காவலுக்கு மெச்சப்படும் அதே இயல்பு, எல்லைக்குள் வரும் அயல் நாயை ஏற்றுக்கொள்வதற்குத் தடையாகிறது. குரைக்காத நாய் எதற்கு என்று கேட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டாவது நாயைக் கண்டு அது குரைப்பதாக வருந்துவதில் பொருளில்லை.

முதல் நாய்க்கு ஏற்ற துணையை எவ்வாறு தெரிவு செய்வது? பொதுவாக எதிர்ப்பாலைச் சேர்ந்த, வயதில் சில ஆண்டு இடைவெளியுள்ள, ஓட்டத்திலும் விளையாட்டிலும் ஒத்த அளவு ஆர்வமுள்ள நாயே பொருந்துகிறது. ஒரே வீட்டில் வாழும் நாய்களிடையே நிகழும் பூசலைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சிலர் 38 நிகழ்வுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிகழ்வுகள் ஒரே பாலைச் சேர்ந்த நாய்களுக்கு இடையே நிகழ்ந்தவை என்றும், பெட்டை நாய்கள் அவற்றுள் பெருமளவு இடம்பெற்றன என்றும், சண்டையைத் தொடங்கியவை பெரும்பாலும் வயதில் இளையனவும் வீட்டுக்குப் பின்னர் வந்தனவும் என்றும் குறிப்பிட்டனர். கிடா நாய்கள்தாம் சண்டையிடும், பெட்டைகள் ஒத்துப்போகும் என்னும் நம்பிக்கைக்கு இது நேர்மாறானது. சண்டைக்குத் தூண்டுதலாக அமைந்தவை வீட்டாரின் கவனம், உணவு, யாரோ வருவதால் எழும் பரபரப்பு, தரையில் கிடைத்த ஒரு பொருள் ஆகியவை. இவை அனைத்தும் மனிதரின் கையில் உள்ளவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே ஈற்றில் பிறந்த இரு குட்டிகளைச் சேர்த்து எடுத்துவருவது மற்றொரு வழக்கம். ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும், இரவில் அழாது என்பது அதன் கவர்ச்சி. அவ்வாறு வளரும் குட்டிகள் சில ஒன்றையொன்று மிகையாகச் சார்ந்து, பிரித்தால் தவித்து, மனிதரிடம் கற்க வேண்டியதைக் கற்காமல் வளர்கின்றன. ஒரே பாலாக இருந்தால் ஓராண்டு ஒன்றரை ஆண்டில் பருவம் எய்தியதும் மோதலும் தொடங்கக்கூடும். எதிர்ப்பாலாக இருந்தால் வேறு சிக்கல்: உடன்பிறப்பு என்பதை நாய் பொருட்படுத்துவதில்லை, பெட்டை பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வருகிறது, சினையானால் ஏறத்தாழ 63 நாளில் ஈனுகிறது. கருத்தடை அறுவை செய்யாமல் இருபால் நாய்களை ஓர் அஞ்சடியில் வளர்ப்பது ஒரு வீட்டாரின் சிக்கலை வரிசை வீடுகள் அனைத்துக்கும் பகிர்ந்தளிப்பதாகும். பத்து வயது கடந்து மூட்டுவலியோடு படுத்திருக்கும் கிழநாய் உள்ள வீட்டுக்கு, அதற்கு உற்சாகம் ஊட்டுவதாக எண்ணிக் குட்டியைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் கிழநாய்க்கு இழைக்கும் கொடுமையாகவே முடிகிறது. தேவையெனின் விளையாட்டு அடங்கிய நடுவயது நாயைத் தேடலாம், அல்லது காத்திருக்கலாம்.

நாயைக் கொண்டுவரும் முறையைப் பேசுவதற்கு முன் ஒரு கோட்பாட்டை அகற்ற வேண்டியிருக்கிறது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆள்கிறது, ஆகவே வீட்டிலும் ஒரு நாயைத் தலைவனாக்கி, அதற்கும் மேலே மனிதன் தலைவனாக வேண்டும் என்பது அக்கோட்பாடு. இதன் தொடக்கம் ருடால்ஃப் ஷென்கல் பாசல் உயிர்க்காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கண்டு 1947இல் எழுதிய கட்டுரை. டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல் அதைப் பரப்பியது. அதே மெக், காட்டு ஓநாய்களைப் பல்லாண்டு நேரில் கண்டபின், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையும் அவற்றின் பிள்ளைகளும் கொண்ட குடும்பமே என்றும், அங்கே தலைமை என்பது பெற்றோருக்குரிய வழிகாட்டலே என்றும் 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் திருத்தினார். அறிஞர் திருத்திக்கொண்ட கருத்தை ஊரார் இன்னும் விடவில்லை. குட்டியை மல்லாத்தி அழுத்திப் பிடிப்பதும், உறுமிய நாயைக் குடையால் அடிப்பதும் இதன் எச்சங்கள். உறுமல் என்பது நாய் தரும் முன்னறிவிப்பு. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமலைக் கைவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்கிறது. வீட்டுக்குத் தேவை தலைவன் அன்று, மாறாத ஒழுங்கு. எந்த நாய்க்கு முதலில் சோறு, எது முதலில் வாசல் கடக்கும் என்பது எவ்வாறு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் நாள்தோறும் அவ்வாறே இருக்க வேண்டும், இரு நாய்களும் உட்கார்ந்து காத்திருந்து பெறப் பழக வேண்டும்.

இரண்டாவது நாயை முதல்நாளே வீட்டுக்குள் கொண்டுவருவது தவறு. இரு நாய்களும் முதன்முதலில் சந்திக்கும் இடம் இரண்டுக்கும் உரிமையில்லாத இடமாக இருக்க வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு இடையே செல்லும் தோட்டச் சாலை அதற்கு நன்கு பொருந்தும், கொழுந்து லாரி ஓடாத மாலை நேரமாயின் இன்னும் நல்லது. இருவர் தலைக்கு ஒரு நாயைத் தளர்ந்த கயிற்றில் பிடித்துக்கொண்டு, இருபது முப்பது அடி இடைவெளியில், ஒரே திசையில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் கொண்டுபோய் நிறுத்துவதை நாய்கள் அறைகூவலாக எடுத்துக்கொள்கின்றன. பக்கவாட்டில் சேர்ந்து நடப்பதைத் துணையாக எடுத்துக்கொள்கின்றன. உடல் தளர்ந்து, வால் இயல்பாக அசைந்து, தரையை முகர்ந்துகொண்டு நடந்தால் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஒன்று மற்றொன்றின் பின்புறத்தை முகர்ந்தால் இரண்டு மூன்று நொடி விட்டு, அழைத்துக்கொண்டு நடையைத் தொடர வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அந்த இறுக்கமே ஏதோ ஆபத்து என்று நாய்க்குச் சொல்லிவிடும். நடை முடிந்தபின் சேர்ந்தே வீடு திரும்பி, வீட்டு நாயை முன்னே விடாமல், புதியதை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு பழையதைக் கொண்டுவருவதால், எல்லையில் நின்று தடுக்கும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

லயத்து வீட்டின் அமைப்பு இதற்குப் பிறகுதான் தொல்லை கொடுக்கிறது. முன்கூடம், ஓர் அறை, அடுப்படி, பின்வாசல் என்று நீளவாக்கில் அமைந்த வீட்டில் ஒரு நாய் வாசற்படியில் படுத்துவிட்டால் மற்றொன்று அதைத் தாண்டாமல் எங்கும் செல்ல முடியாது. குறுகலான இடத்தில் உரசிக்கொண்டு கடப்பதே பல சண்டைகளுக்குத் தொடக்கம். ஆகவே படுக்கைச் சாக்கு இரண்டும் வழியிலிருந்து விலகி, வீட்டின் இரு முனைகளில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்காகக் கட்டும் தட்டி ஒன்றை அடுப்படி வாசலில் வைத்தால், முதல் சில வாரங்களுக்கு நாய்கள் ஒன்றையொன்று பார்த்தும் முகர்ந்தும் பழகலாம், தொட முடியாது. சோற்றுத் தட்டைப் பற்றி இன்னும் கண்டிப்பு வேண்டும். ஒரே சட்டியில் சோறு கொட்டி இரண்டையும் உண்ணவிடுவது ஒற்றுமையைக் கற்பிக்கும் என்பது தவறான எண்ணம். ஒரு பொருளைத் தனதாக்கிக்கொண்டு அதனருகே வருவோரை எச்சரிக்கும் போக்கு, அதாவது உடைமைக்காப்பு, நாயின் இயல்பான நடத்தை. ஆகவே தட்டுகள் தனித்தனி, இடங்கள் தனித்தனி, இடையே கதவு அல்லது தட்டி. உண்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியின் எலும்புகளை அஞ்சடியில் வீசும் வழக்கத்தை அடியோடு நிறுத்துவது சண்டையையும் நிறுத்தும், தொண்டையில் எலும்பு சிக்குவதையும் நிறுத்தும்.

சங்கிலி வேறொரு இடர். ஒரு நாயைக் கட்டிவைத்து மற்றொன்றை அவிழ்த்துவிட்டால், கட்டுண்டது விடுபட்டதைப் பார்த்துப் பார்த்துப் பொருமி, அடைய முடியாத ஆத்திரத்தை அந்த நாயின்மேலேயே ஏற்றிக்கொள்கிறது. வேலிக்குள் இரண்டும் சேர்ந்து நிற்கும்போது வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கடந்தால், இரண்டும் பாய்ந்து குரைத்து, எட்டாத வண்டிக்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்கும் துணையையே கவ்வுவதும் உண்டு. இதனைத் திசைமாறிய சினம் என்கின்றனர். பால்ய நண்பர்களைப் போலிருந்த நாய்கள் திடீரென ஒரு நாள் கடித்துக்கொண்டன என்று சொல்லப்படும் நிகழ்வுகளுள் சில இவ்வகையைச் சேர்ந்தவை. வேறு சிலவற்றுக்கு வலி காரணம்: காதுப்புண், பல்வலி, மூட்டுவலி ஆகியவற்றை நாய் சொல்லாது, சீற்றமாகவே காட்டும். ஆகவே நெடுநாள் ஒத்திருந்த நாய்களிடையே பூசல் எழுந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முதல் வேலை. சண்டையே மூண்டுவிட்டால் நடுவே கையை விடக்கூடாது. வாளி நீரை முகத்தில் ஊற்றியோ, பலகையை இடையில் செருகியோ பிரித்து, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் ஒரு நாளாவது வைத்து, பிறகு தோட்டச் சாலை நடையிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

நாய்கள் ஒத்துப்போனால் மட்டும் போதாது, லயமும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் வாழ்ந்தால், ஈரமான நாயோ அதன் எச்சிலோ பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்யும் கடமை அவர்களுக்கு உண்டு. மலாயில் செர்த்து எனப்படும் அதனை அவர்களுக்கு நாள்தோறும் ஏற்படுத்துவது நல்லுறவுக்கு உகந்ததன்று. ஒரு நாய் தனியே சுற்றுவதைவிட இரண்டு சேர்ந்தால் தொலைவாகச் செல்கின்றன. அவ்வாறு சென்று நுழையும் காய்கறிப் பாத்திகளில் நத்தைக்காக இடும் மெட்டல்டிஹைடு குருணை நாய்க்குக் கொடிய நஞ்சு. நாய்க்கு மாவட்ட மன்றத்தின் உரிமம் வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை நாய்க்கு உரிமம் கிடைக்கும் என்பது ஊராட்சிக்கு ஊராட்சி வேறுபடுவதால், இரண்டாவதைக் கொண்டுவருமுன் கேட்டறிய வேண்டும், தோட்ட வீடாயின் நிருவாகத்தின் இசைவும் வேண்டும். வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் தலைகாட்டியதை நினைத்தால், தடுப்பூசியைத் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான ஊசிகளை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை போடுவது வழக்கம். அத்தொடர் முடியாத குட்டியை ஊசி போடாத நாய்கள் நடமாடும் இடத்தில் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டே ஊரைக் காட்டலாம், சமூகப்பழக்கக் காலமும் வீணாகாது.

இவ்வளவும் செய்தபின்னும் ஒத்துப்போகாத இணைகள் உண்டு. குறிப்பாக, பருவமெய்திய இரு பெட்டைகள் ஒன்றையொன்று காயப்படுத்தும் அளவுக்குச் சென்றுவிட்டால், இரண்டறை வீட்டில் அவற்றை ஆயுள் முழுதும் கதவுகளால் பிரித்து வைப்பது நாய்க்கும் மனிதருக்கும் தண்டனை. அப்போது ஒன்றை வேறு வீட்டுக்குக் கொடுப்பது குற்றமாகாது. கொண்டுபோய்ச் சந்தையோரத்திலோ பண்ணைப் பாதையிலோ விட்டுவருவதுதான் குற்றம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்குக்குத் துன்பம் இழைப்போருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. கொடுக்கும்போது வேறு நாயில்லாத வீட்டையோ, அமைதியான கிடா நாய் மட்டும் உள்ள வீட்டையோ தேடி, நடந்த சண்டைகளை மறைக்காமல் சொல்லி, நாய் படுத்துறங்கிய சாக்கையும் உடன் அனுப்பி, மாவட்ட மன்றத்தில் உரிமத்தையும் மாற்ற வேண்டும். எந்த நாயைக் கொடுப்பது என்பதில் வீட்டாரின் செல்லம் எது என்பதைவிட எது புதிய இடத்தில் எளிதாகப் பழகும் என்பதே முடிவு செய்யட்டும். அது பெரும்பாலும் இளையதாகவே இருக்கும். வீட்டில் எஞ்சிய நாய், தன் பகையையே இழந்திருந்தாலும், சில நாள் அதன் இடத்தை முகர்ந்து தேடும், உணவைக் குறைக்கும். அந்நிலையில் மாற்றாக மற்றொரு குட்டியைக் கொண்டுவரத் துடிப்பவர்கள் உண்டு. அந்த நாய் பழைய நேரத்தில் பழைய அளவு உண்ணத் தொடங்கி, காயம் ஆறி, தோட்டச் சாலையில் பிற நாய்களைக் கண்டு விறைக்காமல் கடக்கும் வரை அந்தப் பேச்சைத் தொடங்காதிருப்பதே தகும். அதற்கு ஒரு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம்.